புன்டா கானாவில் ஒரு கிழமை: ரொறன்ரோவிலிருந்து முதற்தடவை போகும் குடும்பங்களுக்கு

ஓல் இன்குளூசிவ் பக்கேஜ் என்றால் விமானச் சீட்டு, விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் போய்வரும் பஸ், அறை, சாப்பாடு, குடிவகை எல்லாம் ஒரே விலையில் வரும். காப்புறுதி, டிப்ஸ், வெளிப்பயணம் இவை அந்த விலைக்குள் வராது. உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் புன்டா கானா இருக்கும் டொமினிக்கன் குடியரசுக்குள் போகலாமா, கனடாவுக்குத் திரும்பி வரலாமா என்பதையும் பக்கேஜ் விற்பவர் பார்த்துத் தரமாட்டார். முதற்தடவை போகிறவர்கள் மூன்று கிழமை இருந்து ஹோட்டல் படங்களைப் பார்த்துவிட்டு, ஆவணங்களைக் கடைசி இரவில் தேடுகிறார்கள். அந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றுங்கள். ஆவணங்கள் சரியென்று தெரிந்த பிறகு மட்டும் காசு கட்டுங்கள்.

1. யாருக்கு விசா வேண்டும், யாருக்கு வேண்டாம்

கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். சுற்றுலாப் பயணியாக 30 நாள் நிற்கலாம். முன்பு இறங்கியதும் 10 அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கிய சுற்றுலா அட்டையின் காசு இப்போது விமானச் சீட்டின் விலைக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. விமான நிலையத்தில் யாராவது அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகளுக்கு விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் கனடிய பி.ஆர். (நிரந்தர வதிவிட) அட்டையோ கனடிய விசாவோ கையில் இருந்தால் அதைக் காட்டிப் போகலாம். அமெரிக்க, பிரித்தானிய, ஷெங்கன் விசாக்களுக்கும் இதே சலுகை உண்டு. அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். ஃபோனில் எடுத்த படம் உதவாது.

கூடுதலான ஆட்கள் மாட்டுவது போகும்போது அல்ல, திரும்பும்போது. பி.ஆர். அட்டையின் காலாவதித் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். காலாவதியான அட்டையோடு ரொறன்ரோ விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து தனிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டிவரும். புதுப்பிக்கக் கொடுத்த அட்டை வீட்டுக்கு வரும்வரை பயணத் தேதி குறிக்க வேண்டாம்.

படிக்க வந்த பிள்ளைகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கல்வி அனுமதியும் வேலை அனுமதியும் கனடாவுக்குள் இருப்பதற்கான தாள்கள். கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாதான் உள்ளே வருவதற்கான தாள். அனுமதி இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும், ஒட்டிய விசா முடிந்திருந்தால் டொமினிக்கனுக்குள் போவதும் சிக்கல், அங்கிருந்து திரும்புவதும் சிக்கல். முதலில் விசாவைப் புதுப்பியுங்கள்.

ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் அவர்களின் விசா பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்கள். ஒருமுறை நுழையும் விசாவில் வந்தவர்கள் அமெரிக்கா போய்த் திரும்பலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை டொமினிக்கனுக்குக் கிடையாது. பெற்றோர் நீண்டகாலம் வந்து நிற்க எடுக்கும் சூப்பர் விசா பலமுறை நுழைவது என்பதால் இந்தக் கவலை இல்லை. ஆனால் அதற்கென்று வாங்கிய காப்புறுதி கனடாவுக்கு வெளியே எத்தனை நாளுக்குச் செல்லும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர்கள் முகவர் சொல்வதையோ தெரிந்தவர் சொல்வதையோ நம்பிக் காசு கட்டக்கூடாது. டொமினிக்கன் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வந்த பிறகு முடிவெடுங்கள்.

விமானம் நேரடியாகப் போகிறதா என்றும் பாருங்கள். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திலிருந்து புன்டா கானாவுக்கு நேரே போனால் நாலரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடலாம். மயாமி, நியூயோர்க் வழியாகப் போகும் சீட்டு 150 டொலர் மலிவாகத் தெரியும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும்.

ஒரு பெற்றோரோடு மட்டும் பிள்ளை போனால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கொண்டுபோங்கள். சட்டத்தரணியோ நொத்தாரிசோ உறுதிப்படுத்தியிருந்தால் இன்னும் நல்லது.

2. மாதமும் கரையும்

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, வெயில் இதம். கிறிஸ்மஸ் கிழமையும் மார்ச் பாடசாலை விடுமுறையும்தான் விலை உச்சத்தில் நிற்கும் நாட்கள். பாடசாலைப் பிள்ளைகள் இல்லாதவர்கள் ஜனவரி இரண்டாம் மூன்றாம் கிழமைகளையோ டிசம்பர் முதற் பாதியையோ பார்க்கலாம். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதில் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரைதான் கடுமை.

விலைப் பட்டியலில் தெரியாத ஒன்று சர்காசம் என்னும் கடற்பாசி. வசந்தம் தொடங்கிக் கோடை முழுவதும் அட்லாண்டிக்கில் மிதந்து வந்து கிழக்குப் பார்த்த கரைகளில் ஒதுங்கும். குவிந்து அழுகினால் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். பாவாரோ, உவேரோ ஆல்தோ, காப் கானா என்னும் ஹோட்டல் பகுதிகள் எல்லாம் கிழக்குக் கரைதான். மே முதல் ஓகஸ்ட் வரை போகிறவர்கள் தெற்குப் பக்கம் பார்த்த பயாயிபே ஊரைத் தெரிவு செய்தால் பாசி குறைவாக இருக்கும். புன்டா கானா விமான நிலையத்திலிருந்து அங்கே போகச் சுமார் ஒரு மணித்தியாலம் எடுக்கும். அந்தத் தூரம் பரவாயில்லை.

பாவாரோவில் கரைக்கு வெளியே பவளப்பாறைத் தொடர் இருப்பதால் அலை உடைந்து தணிந்து வரும். வடக்கே உவேரோ ஆல்தோவில் கடல் திறந்து கிடக்கிறது, அலை பெரிது. சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம், நீச்சல் தெரியாதவர்கள் பாவாரோவுக்கோ பயாயிபேக்கோ போங்கள். ஒரே விலையில் உவேரோ ஆல்தோவில் பெரிய ஹோட்டல் கிடைக்கிறது என்பதற்காக மாறவேண்டாம்.

3. விலையைச் சரியாக வாசிப்பது

விளம்பரத்தில் போடும் விலை ஓர் அறையில் இரண்டு பெரியவர்கள் தங்கினால் ஒருவருக்கு எவ்வளவு என்பது. தனியாகப் போகிறவர் அதற்கு மேல் கட்டவேண்டும். குளிர்காலத்தில் நடுத்தர ஹோட்டல் ஒன்றுக்கு ஒருவருக்குச் சுமார் 1,500 முதல் 2,500 கனடிய டொலர் வரை வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் விடுமுறையில் இது தாண்டும்.

காசு கட்டுமுன் முகவரிடம் கேட்க வேண்டியவை: வரிகள் இந்த விலைக்குள் உண்டா? பெட்டி அனுப்பும் கட்டணம் உண்டா? இருக்கை தெரிவுக்குத் தனிக் காசா? ஹோட்டல் பஸ் சேர்ந்ததா? மிகுதிக் காசை எந்தத் தேதிக்குள் கட்டவேண்டும், அதற்குப் பிறகு நிறுத்தினால் எவ்வளவு போகும்?

எங்கள் குடும்பங்கள் இடறுவது அறையின் ஆள் எண்ணிக்கையில். பெரும்பாலான ஹோட்டல்களில் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் விடமாட்டார்கள். அதிலும் பெரியவர்கள் மூன்று பேர்தான். மூன்று பிள்ளைகள் உள்ளவர்களும் அம்மம்மாவைக் கூட்டிப் போகிறவர்களும் இரண்டு அறைக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். உள்கதவால் இணைந்த அறைகள் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே எழுத்தில் போடச் சொல்லுங்கள். அப்படியும் உறுதி கிடையாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஏற்காத ஹோட்டல்களும் அங்கே பல உண்டு. மலிவான அறை வகை பெரும்பாலும் எந்த அறை மிஞ்சுகிறதோ அதைத் தருவது. நடக்கக் கஷ்டப்படும் பெரியவர் கூட வந்தால் அதை எடுக்கவேண்டாம். சில ஹோட்டல்களில் லொபியிலிருந்து கடற்கரைக்கு 15 நிமிட நடை.

நட்சத்திரக் கணக்கில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள். அங்கே ஐந்து நட்சத்திரம் என்று போட்டிருப்பது இங்கே நாலுக்குச் சமம்.

ஒன்ராறியோவில் முகவர் டைக்கோ என்னும் பயணத்துறை ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுள்ள நிறுவனம் முறிந்துபோனால் இழப்பீட்டு நிதியிலிருந்து காசு கேட்கலாம். வட்ஸ்அப்பில் மலிவு விலை சொல்லி ஈ-டிரான்ஸ்ஃபர் கேட்பவரிடம் கட்டிய காசுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

4. காப்புறுதி: இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் வெளிநாட்டிலும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. வெளிநாட்டு வைத்தியசாலையில் தங்கினால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர், வெளிநோயாளராகப் பார்த்தால் 50 டொலர், அவ்வளவுதான் அது தரும். புன்டா கானாவின் தனியார் வைத்தியசாலைகள் சிகிச்சைக்கு முன்பே காசோ காப்புறுதி உறுதியோ கேட்கும்.

கிரெடிட் கார்டோடு வரும் காப்புறுதி போதுமா என்று பார்க்கும்போது வயது வரம்பையும் நோய் நிபந்தனையையும் வாசியுங்கள். எங்கள் பெரியவர்களில் சர்க்கரை, இரத்த அழுத்தம் இல்லாதவர்கள் குறைவு. பல திட்டங்கள் அந்த நோய்கள் பயணத்துக்கு முன் 90 அல்லது 180 நாட்கள் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. மாற்றம் என்றால் நோய் கூடுவது மட்டுமல்ல. டொக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் மாற்றம், குறைத்தாலும் மாற்றம். பயணத்துக்கு இரண்டு மாதம் முன் அழுத்த மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கியதை மறைத்தால், அங்கே நெஞ்சுநோவு வந்த அன்று கோரிக்கை நிராகரிக்கப்படலாம். கேள்வித்தாளை அப்பாவுக்காகப் பிள்ளை ஊகித்து நிரப்பாமல், மருந்துக்கடையிலிருந்து ஆறு மாத மருந்துப் பட்டியல் எடுத்து அதைப் பார்த்து நிரப்புங்கள்.

காப்புறுதியின் அவசர எண்ணை ஃபோனிலும் தாளிலும் வைத்திருங்கள். சிகிச்சைக்கு முன், முடிந்தவரை, அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

5. பெயரும் மின்-படிவமும்

பயணச்சீட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளதைப் போலவே இருக்க வேண்டும். இது எங்களுக்குச் சாதாரண விஷயமல்ல. அப்பா பெயர் முதலிலா கடைசியிலா, இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் வெறுமையா, இலங்கைப் பெயர் மூன்று துண்டா என்று ஆயிரம் குழப்பம். கடவுச்சீட்டுப் படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். அதில் முதல் வரியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். சீட்டு வந்த அன்றே எழுத்துக்கு எழுத்துச் சரிபாருங்கள். அன்றைக்குத் திருத்துவது சுலபம், பயணக் கிழமையில் திருத்தக் காசு கேட்பார்கள்.

டொமினிக்கன் குடிவரவு, சுங்கம் இரண்டுக்கும் சேர்த்து ஈ-டிக்கெட் என்றொரு இணையப் படிவம் உண்டு. உள்ளே போகவும் வெளியே வரவும் அது வேண்டும். அது இலவசம். தேடினால் முதலில் வருவது 40, 50 டொலர் பிடுங்கும் தனியார் தளங்கள். அரசுத் தளத்தின் முகவரி gob.do என்று முடியும். பயணத்துக்குச் சில நாள் முன் நிரப்புங்கள். கடவுச்சீட்டு எண்கள், விமான எண், ஹோட்டல் பெயர் மூன்றும் பக்கத்தில் இருந்தால் குடும்பத்துக்கே ஒரே இருப்பில் முடித்துவிடலாம். முடிவில் வரும் கியூ.ஆர். குறியை ஃபோனில் படமாகச் சேமித்து, தாளிலும் எடுங்கள். விமான நிலைய வை-ஃபையை நம்பி நிற்கவேண்டாம்.

6. காசும் பெட்டியும்

ஓர் அமெரிக்க டொலர் தாள்கள் 60 முதல் 80 கொண்டுபோங்கள். வங்கியில் சில நாள் முன்பே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். கிழிந்த, எழுதிய தாளை அங்கே வாங்கமாட்டார்கள். கனடிய ஒரு டொலர், இரண்டு டொலர் குற்றிகளை டிப்ஸாகக் கொடுக்கவே வேண்டாம். வெளிநாட்டுக் குற்றிகளை அங்குள்ள வங்கி மாற்றித் தராது. நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு நாங்கள் கொடுத்தது செல்லாக் காசாகிவிடும். அறை துப்புரவு செய்பவருக்கு நாளுக்கு 2 அமெரிக்க டொலர், மேசையில் பரிமாறுபவருக்கு 1 அல்லது 2, பெட்டி தூக்குபவருக்குப் பெட்டிக்கு 1. அறைக்கான டிப்ஸை நாள்தோறும் வையுங்கள். கடைசி நாள் மொத்தமாக வைத்தால் ஆள் மாறியிருக்கும்.

மின்சாரம் 110 வோல்ட், செருகியும் கனடாவில் உள்ளதேதான். மருந்துகள் கைப்பையில், சொந்த டப்பாவோடு. சன்ஸ்கிரீன், நுளம்பு மருந்து இரண்டையும் இங்கேயே வாங்குங்கள். ஹோட்டல் கடையில் இரண்டு மூன்று மடங்கு விலை. எங்களுக்குத் தோல் கறுப்பு, வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைத்து முதல்நாளே நாலு மணித்தியாலம் கடலில் நின்றால் தோள் உரியும். டெங்கு அங்கே உண்டு. பகலிலும் மாலையிலும் கணுக்கால், குதிக்காலுக்கு மருந்து பூசுங்கள். ஆண்களுக்கு ஒரு நீளக் காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் அவசியம், இல்லாவிட்டால் இரவு உணவகங்களில் விடமாட்டார்கள்.

7. இறங்கும் நாள்

சுங்கம் தாண்டி வெளியே வந்ததும் சீருடை போட்ட பலர் கூப்பிடுவார்கள். உங்கள் பக்கேஜ் நிறுவனத்தின் பெயர்ப்பலகை தெரியும்வரை நடந்துகொண்டே இருங்கள். உங்கள் பஸ் போய்விட்டது, டாக்சியில் வாருங்கள் என்பவரை நம்பவேண்டாம்.

அறை பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும். நீச்சலுடை, செருப்பு, பிள்ளையின் மாற்றுடுப்பு மூன்றையும் கைப்பையில் வைத்திருந்தால் அதற்குள் குளிக்கலாம், சாப்பிடலாம். கைவளையம் கட்டிய உடனே தனி உணவகங்களுக்கான பதிவு எப்படி என்று கேளுங்கள். சில ஹோட்டலில் ஆப், சில இடத்தில் காலை வரிசை. முதல்நாள் மறந்தால் கிழமை முழுவதும் பஃபேதான். கடற்கரைத் துவாய்க்குத் தரும் அட்டையைப் பத்திரமாக வையுங்கள், தொலைந்தால் 20 டொலருக்கு மேல் அறுப்பார்கள்.

மறுநாள் காலை வரவேற்பு விருந்து, இலவச மசாஜ், அன்பளிப்பு என்று அழைப்பு வரும். அது உறுப்பினர் திட்டம் விற்கும் கூட்டம். 90 நிமிடம் என்பது மூன்று மணித்தியாலமாகும், அடுத்தடுத்து ஆள் மாறி விலை இறக்குவார்கள். வேண்டாம் என்று முதல் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கழற்றுவது மிகக் கஷ்டம்.

8. சாப்பாடு

குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது, பல் தேய்க்கவும் போத்தல் தண்ணீர்தான். அறையில் நாள்தோறும் வைப்பார்கள், போதாவிட்டால் கேட்டால் தருவார்கள்.

எங்கள் நாக்குக்கு ஒத்த சாப்பாடு பஃபேயில் நிறைய உண்டு. சோறும் பீன்ஸும் அங்கே நாள்தோறும் உண்ணும் உணவு. மரவள்ளியை யூக்கா என்பார்கள். வாழைக்காயை அவித்து மசித்த மங்கு காலையில் வரும், தட்டிப் பொரித்த தொஸ்தோனெஸ் மத்தியானம் வரும். பப்பாசியை லெச்சோசா என்றும் கொடித்தோடையைச் சினோலா என்றும் கேளுங்கள். உறைப்பு அறவே இருக்காது. கடையில் அடைத்த ஊறுகாய், மிளகாய்த்தூள் சின்ன டப்பா ஒன்று கொண்டுபோனால் ஐந்தாம் நாள் கைகொடுக்கும். வீட்டில் செய்த இறைச்சிச் சாமான், பழம் கொண்டுபோக வேண்டாம்.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது பீன்ஸ்தான். பன்றித் துண்டோ கோழிச் சாறோ போட்டுச் சமைத்திருக்கலாம். வெறுமனே வெஜிட்டேரியன் என்றால் மீன் வரும். இப்படிச் சொல்லுங்கள்: "சின் கார்னே, சின் பொயோ, சின் பெஸ்காடோ" என்றால் இறைச்சி, கோழி, மீன் இல்லாமல். "சின் ரெஸ்" என்றால் மாட்டிறைச்சி இல்லாமல். "சின் செர்டோ" என்றால் பன்றி இல்லாமல். மந்தெக்கா என்பது பன்றிக் கொழுப்பாக இருக்கலாம், மந்தெக்கியா என்பதே வெண்ணெய். தனி உணவகத்தில் ஒருநாள் முன்பே சமையற்காரரிடம் சொன்னால் பலர் மனமுவந்து தனியாகச் செய்து தருவார்கள்.

9. கடல்

சிவப்புக் கொடி என்றால் முழங்கால் அளவுகூட இறங்கவேண்டாம். இழுவை நீரோட்டம் நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோகும். அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு திரும்புங்கள். குடித்துவிட்டுக் கடலில் இறங்குவதைக் குடும்பத்தில் யாருக்கும் விடாதீர்கள். நீச்சல் தடாகத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஒருவரை முறைவைத்து நியமியுங்கள். பத்துப் பெரியவர்கள் சுற்றி நின்றால் எல்லோரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். அவசர எண் 911.

10. ஒருநாள் வெளியே

ஒன்றுதான் போகலாம் என்றால் சாவோனாத் தீவு. பயாயிபேவரை பஸ், ஒரு வழி படகு, மறு வழி வேகப்படகு, முழுநாள். ஒருவருக்குச் சுமார் 60 முதல் 100 அமெரிக்க டொலர். வேகப்படகு துள்ளும், முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தவிர்க்கவும். சாந்தோ டொமிங்கோவின் பழைய நகரம் அழகு, ஆனால் போக மட்டும் சுமார் இரண்டரை மணித்தியாலம். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

கடற்கரையில் விற்கும் நீலக்கல்லுக்கு லரிமார் என்று பெயர். டொமினிக்கனில் மட்டுமே கிடைக்கும், அதனால் போலியும் அதிகம். ஆமை ஓட்டுப் பொருளும் பெரிய சங்கும் வாங்கவேண்டாம். அவை பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்துக்குள் வருபவை, சுங்கத்தில் பறிக்கப்படலாம்.

11. திரும்பும் நாள்

ஹோட்டல் பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் புறப்படுவதற்கு முந்திய நாள் மாலை லொபியில் பாருங்கள், நேரம் மாறும். குளிர்காலத்தில் அங்கே நேரம் ரொறன்ரோவைவிட ஒரு மணித்தியாலம் முன்னால், கோடையில் ஒன்றுதான். ஃபோன் தானாக மாற்றியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறையை மத்தியானம் விடவேண்டும். இரவு விமானமென்றால் பிற்பகல்வரை அறையை நீட்ட எவ்வளவு என்று முந்திய நாளே கேளுங்கள், கடைசிக் காலையில் கிடைக்காது. பாதுகாப்புப் பெட்டியைத் திறந்து கடவுச்சீட்டு, பி.ஆர். அட்டை இரண்டையும் கையால் தொட்டு எண்ணிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

48 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருந்தவர் ஒவ்வொருவரும் 800 கனடிய டொலர் பெறுமதியான பொருட்களை வரியின்றிக் கொண்டுவரலாம். ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவருக்கு 1.14 லீட்டர் ரம் வரை அதற்குள் அடங்கும். மாமாஹுவானா என்று விற்கும் போத்தலில் மரப்பட்டையும் வேரும் இருக்கும். அதையும், கோப்பி, பழம், விதை என்று எந்த உணவுப் பொருளையும் சுங்கப் படிவத்தில் காட்டுங்கள். காட்டினால் அதிகபட்சம் எடுத்துவிடுவார்கள், மறைத்தால் தண்டம். கனடிய எல்லைச் சேவையின் அரைவ்கான் செயலியில் 72 மணித்தியாலத்துக்குள் முன்கூட்டியே சுங்க விபரம் கொடுத்தால் பியர்சனில் வரிசை குறையும். தடித்த ஜக்கெட்டைப் பெட்டியின் மேலே வைத்து மூடுங்கள். பெட்டி வந்ததும் அங்கேயே எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வரலாம்.